சிந்து நீந்திய தண்ணீர்

தேசிய சாதனையை முறியடித்துத் திரும்பிய சிந்து, எப்போதும்போல் காலைப் பயிற்சிக்குக் குதிக்கிறாள். போன வாரம்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த மயிலாப்பூர் நீச்சல் குளத்தில், இன்று பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் கரைகொள்ளாமல் நின்றும் சத்தமே இல்லை. "மீனாட்டம் போவுது பாரேன்" என்று மட்டும் யாரோ முணுமுணுக்கிறார். கடற்கரையில் கால் நனைக்கக்கூட மகளை விடாத பாத்திரக்கடை இசக்கியம்மாள், தாரணியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறாள். சிந்து கிழித்துப்போன நீல நீர் வெயிலோடு தளும்பி, விளிம்பு தாண்டி இசக்கியம்மாளின் பாதத்தைத் தொடுகிறது. அவள் தன்னை மறந்து குனிந்து, இரு கைகளாலும் அதை அள்ளி, தீர்த்தம்போல் மகளின் உச்சியில் தெளிக்கத் திரும்புகிறாள். பக்கத்தில் தாரணி இல்லை. "எம்மா, இங்க!" இடுப்பளவு தண்ணீரிலிருந்து குரல் வருகிறது. விரலிடுக்கில் ஒழுகி மிஞ்சியதை இசக்கியம்மாள் தன் தலையிலேயே தெளித்துக்கொள்கிறாள்.