ரோஷன் ஆன்லைனில் இருக்கிறான்

"நம்ம டீம்லேயே ஒரு துரோகி இருக்கா. வேற யாரும் இல்ல, இந்த டெல்சிதான்!"

கம்ப்யூட்டர் லேப்பில் எல்லோர் முன்னாலும் மணிவேல் போட்டு உடைத்தான்.

ஓசூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அடுத்த வாரம் சைபர் பாதுகாப்புப் போட்டியின் முதல் சுற்று. வெளியிலிருந்து கல்லூரி சர்வரைத் தாக்குவார்கள். யாரையும் உள்ளே விடாமல் காப்பாற்ற வேண்டும். ஜெயித்தால் பெங்களூரில் இறுதிச் சுற்று, நல்ல கம்பெனியில் வேலையும் கிடைக்கும் என்று பேச்சு.

மணிவேல்தான் கேப்டன். கொஞ்ச நாளாக அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

பயிற்சிக்காக, வேலைக்குப் போய்விட்ட சீனியர்கள் தினமும் சர்வரைத் தாக்கிப் பார்த்தார்கள். தினமும் அவர்களே ஜெயித்தார்கள். எத்தனை கதவைப் பூட்டினாலும் ஒரே ஒரு கதவு வழியாக உள்ளே வந்துவிடுவார்கள். அது ரோஷனின் லாகின் கணக்கு.

ரோஷன் இதே டீமில் இருந்தவன். பயிற்சிக்கு வரும் வழியில் பைக்கில் லாரி மோதி இறந்துபோனவன்.

"செத்தவனோட அக்கவுன்ட்ட நான் தினமும் மூடுறேன். மறுநாள் பாத்தா திறந்து கிடக்குது. திறக்கிறது இவதான். போட்டிக்கு வர்ற எந்தக் காலேஜ்காரன் சொல்லிக் குடுத்தான்?"

டெல்சி மறுக்கவில்லை.

"யாரும் சொல்லல. ரோஷனோட லேப்டாப் கெலமங்கலத்துல அவங்க வீட்ல இருக்கு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் அவங்கம்மா அதைத் திறந்து வைப்பாங்க. அது தானா நம்ம சர்வருக்குள்ள வந்துரும். நம்ம சாட்ல அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான். மகன் இன்னும் நம்மகூட இருக்கிற மாதிரி அந்தம்மாவுக்கு ஒரு ஆறுதல். அதையும் பிடுங்கணுமா?"

"பாஸ்வேர்டையாவது மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே? சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சுரும்."

"அவன் அவங்கம்மா பேரத்தான் பாஸ்வேர்டா வச்சிருந்தான். மாத்த மனசு வரல."

ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மணிவேல் மட்டும் அசையவில்லை. எல்லோரும் பார்க்கப் பார்க்க அந்தக் கணக்கை மறுபடி பூட்டினான். இனி டெல்சி கை வைக்க முடியாதபடி பூட்டினான்.

"செத்தவங்களுக்கு சர்வர்ல இடம் கிடையாது. நீயும் டீம்ல வேணாம்."

டெல்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவன் அடக்கத்துக்குக்கூட வராத ஆளு நீ. உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது? என்னை நீக்கிக்கோ. ஆனா பூட்டின விஷயத்த நீயே வந்து அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மணிவேலின் முகம் சட்டென்று வெளுத்தது. "நான் எதுக்கு?"

"கேப்டன்தானே? சொல்லு!"

சரியான கல்நெஞ்சக்காரன் என்று அவனைப் பற்றி லேப்பே முடிவு கட்டிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் இருவரும் கெலமங்கலம் பஸ் ஏறினார்கள்.

ரோஷனின் அம்மா சூசைமேரி, ரோஜாத் தோட்டத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். விரலெல்லாம் முள் கீறல். மாதா படத்துக்குக் கீழே ரோஷனின் போட்டோ. பக்கத்தில் லேப்டாப்.

"வா கண்ணு டெல்சி. கூட வந்திருக்கிறது யாரு?"

"கூடப் படிக்கிறேங்கம்மா" என்று மணிவேலே முந்திக்கொண்டான். பெயரைச் சொல்லவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க. நேத்திலருந்து இது உள்ள போவ மாட்டேங்குது. சிவப்பா என்னமோ எழுத்து வருது. கொஞ்சம் பாத்துக் குடு கண்ணு."

லேப்டாப்பை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

"அம்மா... இனிமே இத திறக்காம இருக்கிறது நல்லதுங்கம்மா. போட்டி வருது. நீங்களும் மகனையே நினைச்சுக்கிட்டு தினமும் இப்படி..."

"எனக்காகவா திறக்கிறேன்?" சூசைமேரி பெருமூச்சு விட்டார். "எம்மகன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதா? அவன் கல்லறைக்குப் பூ கொண்டு போறவளே நான்தான். இதத் திறக்கிறப்பல்லாம் எனக்கு வயிறுதான் எரியுது."

டெல்சி திகைத்துப்போனாள். "அப்புறம் எதுக்கும்மா தினமும் திறக்கிறீங்க?"

சூசைமேரி கொஞ்சம் தயங்கினார்.

"உங்கிட்டகூட நான் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் மனசோட வச்சுக்குங்க, வெளிய தெரிஞ்சா ஒரு பையனத்தான் எல்லாரும் குத்தம் சொல்லுவாங்க. அன்னைக்கு ஞாயித்துக்கெழம. பூசைக்குப் போயிட்டு வந்து சோத்துல கைய வச்சான் எம்மகன். அப்ப, 'இன்னைக்கும் பயிற்சி இருக்கு, கண்டிப்பா வரணும்'னு போன் வந்துச்சு. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போனான். கூப்பிட்டது மணிவேல்னு ஒரு பையன். அடக்கத்துக்குக்கூட அவன் வரலியாமே. பாவம், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவான்?"

லேப்டாப்பைப் பிடித்திருந்தவன் தலை நிமிரவில்லை.

"அவன் ஊரு, வீடு எதுவும் எனக்குத் தெரியாது. ரோஷன் பேரு தினமும் பச்சையா எரிஞ்சா, 'ரோஷன் அம்மாவுக்கு எம்மேல கோவம் இல்லை'ன்னு அவன் புரிஞ்சுக்குவான் இல்ல? அதான். சீக்கிரம் சரிபண்ணிக் குடு கண்ணு. அந்தப் பையன் அங்க பாத்துக்கிட்டே இருப்பான்."