துண்டுக்கடியில்

அவர் கேமராப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார். எதிரே நாற்காலியில் அவர் மனைவி.

மடியில் இரண்டு கைகள். வலது கை தன்பாட்டுக்கு ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத திரியைத் திரித்துக்கொண்டிருந்தன.

"மூச்சைப் பிடி."

அவள் மூச்சைப் பிடித்தாள். கை பிடிபடவில்லை.

க்ளிக்.

திரையில் பார்த்தார். கை மடியில் சும்மா கிடந்தது. ஒரு நோயும் இல்லாத கை.

ஷட்டர் வேகத்தை ஏற்றி வைத்தால் எந்த ஆட்டமும் நின்றுவிடும். தெரிந்த வித்தைதான். நரம்பு டாக்டரின் மாத்திரைக்கு அடங்காதது இதற்கு அடங்கியது.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர் அவர். சந்தை இல்லாத நாளில் கேமரா.

திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடுகிற கூட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் வீடியோவுக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் கேமராவின் மேலிருக்கும் சக்கரத்தை வீடியோவுக்குத் திருப்பவே இல்லை.

"தரகரே, ஒம்ம கேமராவுல வீடியோவும் இருக்கு, தெரியுமா தெரியாதா?" என்பார் பல் டாக்டர் இம்மானுவேல்.

"வீடியோ ஓட்டவாய், டாக்டர். ஒண்ணு கேட்டா ஒம்போது சொல்லும். போட்டோ நம்ம ஆளு. கேட்டதுக்கு மட்டும் பதில்."

கூட்டம் சிரிக்கும். இவரும் சிரித்து வைப்பார்.

சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். வயதெல்லாம் அந்தத் துண்டுக்கடியில் போனது. எதை எப்படி மூடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கையை மூடச் சொன்னது அவள்தான்.

"சுகந்திகிட்ட சொல்லிராதீங்க. வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா."

மகள் மஸ்கட்டில். வீடியோ கால் வந்தால் அவர் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

"போன்ல கேமரா போயிருச்சும்மா."

"ஊரு மாட்டையெல்லாம் படம் புடிக்கிறீங்க, போன்ல ஒரு கேமரா இல்லையாப்பா?"

மகள் சிரிப்பாள். அன்று சாயங்காலமே இரண்டு படம் போய்ச் சேரும்.

போனதிலேயே நல்ல படம், காபி ஆற்றுகிற படம். மேலே டம்ளர், கீழே டபரா, நடுவில் காபி ஒரு முழ நீளத்துக்கு வளைந்து அந்தரத்தில் நிற்கும். ஜன்னல் வெளிச்சம் பட்டு அதற்கு ஒரு செம்பு நிறம்.

அடுத்த நொடி அந்தக் காபி தரைக்குப் போனது. அது படத்தில் இல்லை.

இன்று காலை சுகந்தி பேசினாள்.

"பிரசவத்துக்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சுப்பா. ஆளு யாரும் வைக்கல. குளிப்பாட்ட, தூக்க, எல்லாம் அம்மாதான். காபி ஆத்துற அந்தக் கை போதும் எனக்கு."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒங்க பெரிய கேமராவுல அம்மா பேசுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கப்பா. வயித்துல உள்ளதுக்குக் கேக்க வைக்கணும்."

குறையுள்ள மாட்டைக் குறை தெரியாமல் நிறுத்திக் காட்டுவது தொழில். வாங்கியவன் வீட்டுக்கு ஓட்டிப் போன பிறகு நடப்பது தொழிலில் சேராது.

இந்த முறை வாங்கியவள் மகள்.

அதற்குப் பிறகும் அவர் எடுத்தது ஒரு படம்தான். வீடியோவுக்குப் பதிலாக அனுப்பிவிடலாம். கேமரா மக்கர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரையை அவளிடம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அழகா இருக்கு. இதப் பாத்தா இந்தக் கையிலதான் புள்ளையக் குடுப்பா."

வெளியே கேஸ் சிலிண்டர் வண்டி போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் நின்றார்.

பிறகு கேமராவைத் தையல் மெஷின்மேல் வைத்தார். கேமராவின் சக்கரத்தை வீடியோவுக்குத் திருப்பினார். எண்ணெய் காணாத பூட்டு மாதிரி அது தயங்கித் திரும்பியது.

சிவப்புப் புள்ளி எரிந்தது.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்காரும்போதே தோளிலிருந்த துண்டு கைக்கு வந்தது, அவரைக் கேட்காமல். அவள் கையை எடுத்து, துண்டைப் போட்டு மூடி, உள்ளே பிடித்துக்கொண்டார்.

எத்தனையோ பேரின் விரல்களைப் பிடித்திருக்கிறார். ஆசையை, அவசரத்தை, பொய்யை விரலிலேயே கண்டுபிடித்திருக்கிறார். இந்த விரல்கள் விடாமல் ஏதோ ஒரு விலையைச் சொல்லின. அவருக்குப் பிடிபடாத விலை.

"பேசு" என்றார்.

அவள் துண்டைப் பார்த்தாள். உள்ளே ஏதோ உயிருள்ளது மாட்டிக்கொண்ட மாதிரி அது துடித்தது.

"சந்தையில துண்டு யாருக்காகப் போடுவீங்க?"

"சுத்தி நிக்கிறவன் பாக்கக் கூடாதுல்ல."

"எம்மக சுத்தி நிக்கிறவளா?"

இடது கையால் துண்டை இழுத்துத் தரையில் போட்டாள். வலது கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். கேமராவுக்கு நேராக, மடியில், மல்லாத்தி வைத்தாள்.

கை ஆடியது.

"சுகந்தி" என்றாள். "அம்மா பேசுறேன்டா."

அவர் துண்டை எடுக்கக் குனியவில்லை. கேமராவை நிறுத்த எழவில்லை. படம் பிடிக்க உட்கார வைத்த ஆள் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.