ஓசிக் குரல்

ஹாரன் அலற, மென்பொருள் கம்பெனி ஜீப் மலாவி நாட்டின் லிலோங்வே நகரப் பள்ளி வாசலில் வந்து நின்றது. கணினி ஆசிரியர் மசௌகோ ஓடிப்போய் அறைக் கதவை மறித்துக்கொண்டார்.

"மேடம், என் புரோகிராமை அழிச்சிடாதீங்க. திறந்த மூல மென்பொருள், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இலவசமாத்தானே குடுத்தேன்? சிச்சேவா மொழிப் பாடம் முழுக்க என் மக குரல். செத்துப்போன பிள்ளை, மேடம். நடுவுல அவ இருமுறதைக்கூட நான் வெட்டல."

"ஓசில குடுத்தா எவன் மதிப்பான்? நான் அதை ஒரு நாள்கூடக் கேட்டதில்ல" என்றார் தலைமையாசிரியை நக்கும்வா. "காசு குடுத்து வாங்கினாத்தான் பெத்தவங்க நம்புவாங்க. தள்ளி நில்லுங்க."

ஜீப்பிலிருந்து லிம்பானி இறங்கினான். மசௌகோவிடம் படித்தவன். அவருக்கு உயிர் வந்தது.

"நீயாவது சொல்லுடா!"

அவன் டையைச் சரிசெய்தபடி அவரை விலக்கிவிட்டு உள்ளே போனான். பழையதை எல்லாம் அழித்தான். கம்பெனியின் புதிய பாடத்தை ஏற்றி, பொத்தானைத் தட்டினான்.

ஒரு சிறுமியின் குரல் கணீரென்று எழுத்துகளைச் சொன்னது. நடுவில் லேசாக இருமியது.

"கேட்டீங்களா? காசு குடுத்தா குரலே தனி!" தலைமையாசிரியை கைதட்டினார்.

மசௌகோ கணினியருகே ஓடினார். "லிம்பானி... அது என் பொண்ணுடா."

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பேரை மாத்தி வித்துக்கலாம்னு லைசென்ஸ் எழுதி வெச்சது நீங்கதானே, சார்?"