நின்று கேட்ட கூட்டம்

விஜயபாண்டியின் குழு உறுமியையும் கிதாரையும் கலந்து ராக் வாசிக்கும். போடியில் எங்கே வாசித்தாலும் பாதியிலேயே கூட்டம் கலைந்துவிடும். தேவாரம் ஊர் விவசாயி ஜக்கையன் மட்டும் தன் மக்காச்சோளத் தோட்டத்தில் தினமும் வந்து வாசிக்கச் சொன்னார். இன்று அவரும் மறுத்துவிட்டார்.

“இனிமே வரவேணாம் தம்பி.”

“ஏண்ணே, நேத்து வாசிச்ச புதுப்பாட்டு பிடிக்கலையா?”

“பாட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீங்க உறுமியைத் தொட்டாலே யானை மலையேறிரும்னுதான கூப்பிட்டேன்!”

விஜயபாண்டியின் முகம் சுண்டிப்போனது. “யானை வெரட்டவா எங்களைக் கூப்பிட்டீக?”

“வேறெதுக்கு? நேத்து என்னத்த வாசிச்சீகளோ, மூணு யானை சோளத்தைத் தின்னுக்கிட்டே காதை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. பாட்டு முடிஞ்ச பெறகுதான் போச்சு.”

விஜயபாண்டி பக்கத்தில் நின்ற தன் குழுவின் உறுமிக்காரனை இறுகக் கட்டிக்கொண்டான்.

“மாப்ளே, மொதத் தடவையா ஒருத்தரும் பாதியில கெளம்பிப் போகலடா!”