மூன்று கிலோவாட்

"ரெண்டு பேரு இருக்குற வூட்டுக்கு இன்னாத்துக்குங்க மூணு கிலோவாட்டு?"

மொட்டைமாடியில் நின்று மீனம்பாள் கேட்டதை ராஜாராம் காதில் வாங்காதவர் போல் இருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செஞ்சிக்கோட்டை ரோட்டில் இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் சத்தம் போடுகிற மனுஷர்.

சோலார் கம்பெனியிலிருந்து வந்திருந்த எழிலரசன் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே தயங்கினான்.

"சார், உங்க பில்லைப் பாத்தேன். ரெண்டு மாசத்துக்கு நானூறு ரூபாதான் வருது. மூணு கிலோவாட்டுன்னா ரெண்டு லட்சம். மானியம் எழுபத்தெட்டாயிரம் போக, கையை விட்டு ஒண்ணேகால் லட்சம் போவும். இந்த பில்லுக்கு அது திரும்பி வர அம்பது வருஷம் ஆவும். விக்க வந்தவன் நானே இப்டி சொல்லக் கூடாது. ஆனா மனசு கேக்கல."

"கேட்டீங்களா? அம்பது வருஷம் நாம இருக்கப் போறமா?" என்றாள் மீனம்பாள்.

"ஏசி போட்டா எவ்ளோ ஓடும்?" ராஜாராம் எழிலரசனைத்தான் கேட்டார்.

"ஏசி இருக்குதா சார்?"

"இப்ப இல்ல. போட்டா? கூட ஒரு வாஷிங் மெஷினு. பகல் பூரா ஒரு கம்ப்யூட்டரு."

மீனம்பாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். மலைப்பாறை காய்ந்து ராத்திரியிலும் அனல் வீசுகிற சித்திரையில், தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக்கொள்கிறவர் இவர். செல்போனில் நம்பரைத் தேடக்கூட அவளைத்தான் கூப்பிடுவார். இவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

எழிலரசன் கால்குலேட்டரைத் தட்டினான். "அப்டி ஓடினா எழுநூறு யூனிட் தாண்டும் சார். பில்லு நாலாயிரம் வரும். அப்ப சோலார் லாபம்தான். அஞ்சு வருஷத்துல போட்ட காசு வந்துடும்."

"லாபம் கெடக்கட்டும். சோலார் போட்டுட்டா பில்லு நானூறைத் தாண்டாதே?"

"தாண்டாது சார். இன்னும் கொறையும்."

"கொரங்கு மேல குதிச்சா கண்ணாடி ஒடையாதாப்பா?" மீனம்பாள் கடைசியாக ஒரு தடை போட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் தாங்கும்மா."

"சனிக்கிழமைக்குள்ள வேலை முடியுமா?" என்றார் ராஜாராம்.

"ரெண்டு வாரமாவது ஆவும் சார்."

"சரி, எவ்ளோ சீக்கிரம் முடியுமோ முடி" என்று முன்பணத்தை எடுத்து நீட்டினார்.

எழிலரசன் குழப்பத்தோடுதான் ரசீது எழுதிக் கொடுத்தான். அவன் பைக் தெருமுனையைத் தாண்டியதும் மீனம்பாள் வெடித்தாள்.

"உனக்கு இன்னாய்யா ஆச்சு? டாக்டராண்ட போலாமா? நானூறு ரூபா பில்லுக்கு ஒண்ணேகால் லட்சமா? இல்லாத ஏசிக்குக் கணக்குப் பாக்குறியே, யாருக்கு அந்த ஏசி?"

"கொழந்தைக்கு. ஏசி இல்லாம தூங்க மாட்டானாம்."

"எந்தக் கொழந்தை?"

ராஜாராம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தார்.

"நம்ம பொண்ணு போன தடவ அழுதுகினு வந்தப்ப, பொறுத்துப் போன்னு நீ திருப்பி அனுப்பிட்ட. அதான் உன்கிட்ட சொல்ல பயப்படுறா. கலைமதி புருஷனை வுட்டுட்டு, பையனைத் தூக்கிக்கினு ஞாயித்துக்கெழம வந்துடுறா மீனா. வூட்லருந்தே கம்பெனி வேல பாப்பாளாம், இனிமே இங்கதான். கரண்டு பில்லு ஏறினாக்கூட தன்னாலதான்னு நெனைக்கிற பொண்ணு அவ... அது ஏறவே கூடாது."