பாலம் சேர்ந்த காலை

“ஆபீஸ்ல உட்கார்ற வேலையெல்லாம் கிடையாது. பாலத்து மேலதான் உனக்கு வேலை.”

தலைமை இன்ஜினியர் அம்மா அவ்வளவுதான் சொன்னார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்த இளம் இன்ஜினியர் வெளியே வந்தாள். கைக்குழந்தைக்காரி, கொஞ்ச நாளைக்குக் கீழேயே ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டது ஒரு குற்றமா? அதுவும் பிள்ளை பெற்று வளர்த்த இன்னொருத்தியிடம்தானே கேட்டாள்?

அந்த அம்மாவுக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் ‘கான்கிரீட்’. இறுகினால் இறுகியதுதான்.

“அந்தம்மாவுக்கு ஈரமே கிடையாதும்மா” என்று சூப்பர்வைசர் அண்ணன் பரிதாபப்பட்டார்.

ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் பாலம் நீண்டு வந்து, நடுவில் ஒரு வீட்டு அகலத்துக்கு மட்டும் இடைவெளி பாக்கி இருந்தது. அங்கே பொருத்த வேண்டிய இரும்புத் துண்டை மிதவையில் கொண்டுவந்து, மேலே தூக்கிச் செருக வேண்டும். காலைக் குளிர்ச்சியிலேயே முடித்தாக வேண்டும். வெயில் ஏறினால் இரும்பு விரிந்துவிடும், இடைவெளி சுருங்கிவிடும்.

முதல் கோட்டிலிருந்து அந்தப் பாலம் கான்கிரீட் அம்மா வரைந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் அவருடைய கடைசிப் பாலமும் அதுதான்.

துண்டைத் தூக்குகிற நாள் காலை, குழந்தையை வேலைத்தளத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு, வழக்கம்போல் செல்போனை வாசல் கேட்டில் கொடுத்துவிட்டு, அவள் மேலே ஏறினாள். அம்மா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் வாக்கி-டாக்கி. அவர் சொல்லச் சொல்லத் துண்டு மெல்ல மேலே கிளம்பியது.

பாதி உயரம் வந்திருக்கும். கீழேயிருந்து யாரோ வாக்கி-டாக்கியில் அவரைக் கூப்பிட்டார்கள். தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து வாக்கி-டாக்கியை இவள் கையில் திணித்தார்.

“இனிமே நீ பாத்துக்கோ.”

“மேடம், நீங்க?”

“கீழ ஒரு வேலை இருக்கு.”

போயே போய்விட்டார்.

சூப்பர்வைசர் அண்ணன் பக்கத்தில் வந்தார். “கழண்டுக்கிட்டாங்க பாத்தீங்களா? நல்லபடியா முடிஞ்சா பேரு அவங்களுக்கு. ஏதாவது ஆச்சுன்னா பழி உங்களுக்கு.”

அந்தரத்தில் தொங்குகிற இரும்பு மலையை யாராவது ஒருத்தர் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பார்த்தாள்.

இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கும்போது காற்று கிளம்பியது. துண்டு லேசாக ஆடியது.

“நிறுத்துங்க” என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது நிறுத்தினால் இன்றைக்கு அவ்வளவுதான் என்று அண்ணன் பதறினார். இவள் அசையவில்லை. ஆற்றில் அலை அடங்குகிறதா என்று மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலை அடங்கியது.

“ஏத்துங்க. மெதுவா. இன்னும். இன்னும் கொஞ்சம்…”

கப்பலைப் போன்ற அந்த இரும்பு, இரு பக்கமும் ஒரு விரல் சந்துகூட மிச்சமில்லாத அந்த இடைவெளியில், தன் வீட்டு வாசலில் நுழைவதுபோல நுழைந்தது. இந்தப் பக்கமும் உரசவில்லை, அந்தப் பக்கமும் உரசவில்லை. மெல்லிசாக ஒரு ‘டக்’. அவ்வளவுதான். ஆறு தோன்றிய நாளிலிருந்து தனித்தனியாக இருந்த இரண்டு கரைகள் ஒன்றாகிவிட்டன.

ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அக்கரைக் கிரேன் டிரைவர் இறங்கி வந்து, பொருந்திய இடத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான்தான் செய்தோமா இதை?

மிதவையில் சங்கு ஊதினார்கள். அப்புறம்தான் கைதட்டல்.

அது ஓய்ந்ததும் கோபம் பொங்கியது. என்னை இப்படித் தனியாக விட்டுப் போனது நியாயமா என்று கேட்டே விடுவது என்று விறுவிறுவென்று கீழே இறங்கினாள். அம்மாவின் அறைக் கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. அரையிருட்டில், சுவரைப் பார்த்தபடி கான்கிரீட் அம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் இவளுடைய குழந்தை. அவருடைய சட்டை முழுக்க எச்சில் ஈரம்.

“ஷ்ஷ்… பல்லு முளைக்குதுல்ல, அதான். காப்பகத்துல யாருகிட்டயும் நிக்கலையாம். வெளிச்சம் பட்டா முழிச்சுக்குறா.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே மேடம்.”

“கூப்பிட்டிருந்தா வந்திருப்ப. தூக்குறப்போ பாதியில பிள்ளைக்காக இறங்கிப் போனவள்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. என்னைச் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க.”

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அம்மா தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கிட்டத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குச் சங்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ரெண்டும் சேந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லேன்.”