பெட்டியில் எழுதிய பெயர்

கனசாவா கலைக்கூடத்தில் நடந்த மண்பாண்டக் கண்காட்சியில், தன் பழைய ஆசானின் பெயரில் விற்பனைக்கு இருந்த தேநீர்க் கிண்ணத்தைத் தொமோயே பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். சத்தம் போட்டால் பொறாமை என்பார்கள். அதனால் அதை விலைக்கு வாங்கி, மரப்பெட்டியோடு கொண்டுபோய், விருந்தினர் நடுவே உட்கார்ந்திருந்த ஆசான் ஹிராதேயின் முன் மேசையில் வைத்தாள்.

"அடடே, என் பட்டறையை விட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போனவதானே! இப்ப என் கிண்ணம் கேக்குதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மூடியில எழுதிக் குடுங்க, சென்செய். செஞ்சவரு பேரு இல்லாத பெட்டிக்கு மதிப்பில்லையே."

"என் கையாலயே செஞ்சதுன்னு எழுதட்டுமா?"

"கண்டிப்பா. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் தூரிகையால் நிதானமாக எழுதினார். மை காய்வதற்குள் தொமோயே மூடியின் மேல் கிண்ணத்தை வைத்து, விருந்தினருக்கான தேநீரை அதில் விளிம்புவரை ஊற்றினாள்.

"என்ன பண்றே நீ?"

"உங்க பட்டறையில பதினோரு வருஷமா நான் செஞ்சதுல எல்லாம் உங்க பேரைத்தான் போட்டீங்க. ஆனா இது, அடியில கசியுதுன்னு நான் குப்பையில போட்டது, சென்செய். நீங்க அதைப் பொறுக்கும்போது ஒருதடவை தண்ணி ஊத்திப் பாத்திருக்கலாம்."

கிண்ணத்தின் அடியிலிருந்து ஊறிய தேநீரில் ஹிராதேயின் பெயர் கரைந்து, வெள்ளை மேசைவிரிப்பில் கறுப்பாக ஒழுகியது.